இன்னும் கொஞ்ச நேரம்!

ஏப்ரல் பிறந்துவிட்டால் தெருமுனைகளில் கோடைக்கால வகுப்பு பேனர்கள் வந்துவிடும். கீபோர்டு, அபாகஸ், கராத்தே, ஃபோனிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, ரோபாட்டிக்ஸ். சில நாள் வகுப்பு, கடைசி நாளில் சான்றிதழ், மேடையில் ஒரு போட்டோ. ஆறு வயதுப் பிள்ளையை எதில் சேர்ப்பது என்று அப்பாவும் அம்மாவும் இரவில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அக்கறையோடுதான் பேசுகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் பிள்ளை இருப்பதில்லை. வாசற்படியில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும். அல்லது பழைய டார்ச் லைட்டைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கும். "சாப்பிட வா" என்று கூப்பிட்டால், "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று கெஞ்சும்.

பிள்ளை எதன் முன்னால் உட்கார்ந்து அப்படிக் கெஞ்சுகிறது என்று கவனித்து வைத்திருக்கும் வீட்டுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. நான்கு வயது முதல் பத்து வயது வரை குழந்தைகள் "நான் யார்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பதில்லை. எதைத் தொட ஓடுகிறார்கள், யாரைப் போல நடந்து காட்டுகிறார்கள், எந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள் என்பதில் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பொழுதுபோக்கு, பண்பாடு, அடையாளம் என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். அவர்களுக்கு அது ஒரே விளையாட்டு. இந்த வயதில் அந்தக் கேள்விக்குப் பல விடைகள் கிடைக்க நாம் வழிசெய்ய வேண்டும். ஒரே ஒரு விடையைப் பிள்ளையின் கையில் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்துவிட்டது. அதைப் பின்னால் பேசுவோம்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

நூறாண்டுக்கு முந்தைய பம்பாய். கேத்வாடியில் மாமா வீட்டில் வளர்கிறான் ஒரு சிறுவன். பத்துப் பிள்ளைகளில் கடைசி. ஒரு வயதில் தந்தையை இழந்தவன், மூன்று வயதில் தாயையும் இழந்தான். மாமா அமீருத்தீன் தியாப்ஜி அவனுக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வைத்து ஒருநாள் ஒரு சிட்டைச் சுட்டான். கையில் எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சளாக ஒரு தீற்று. வீட்டுக் கூரையில் கூடு கட்டும் குருவிக்கு இப்படி இருக்காதே! இதைச் சாப்பிடுவது மார்க்கத்துக்கு ஆகுமா என்று கேட்க மாமாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினான்.

மாமாவுக்கு அது என்ன பறவை என்று தெரியவில்லை. வேறொரு வீடாக இருந்தால், "சீ, தூக்கிப் போட்டுட்டுக் கையைக் கழுவு" என்பதோடு முடிந்திருக்கும். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். சங்கத்தின் கௌரவச் செயலாளர் மில்லர்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, பறவையோடு பையனை அனுப்பிவைத்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவரை நேருக்கு நேர் சந்திப்பது அந்தப் பையனுக்கு நடுக்கமாகத்தான் இருந்தது. மில்லர்டு பறவையை வாங்கிப் பார்த்து, மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னார். அத்தோடு அனுப்பிவிடவில்லை. பாடம் செய்த பறவைகள் வரிசையாக இருந்த அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்படி புத்தகங்களும் கொடுத்தார்.

அந்தப் பையன்தான் சலீம் அலி. 1896இல் பிறந்து 1987இல் மறைந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு அவருடைய உழைப்பு. கோவைக்கு அருகே ஆனைக்கட்டியில் இருக்கும் பறவையியல் மையம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1985இல் வெளிவந்த தன்வரலாற்றின் தலைப்பிலும் ஒரு சிட்டை வைத்தார்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் சலீம் அலியின் மேதைமைக்காகச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய மனிதர்களாகத் தெரிகிறவர்கள் அந்த மாமாவும் மில்லர்டும். தனக்குத் தெரியாது என்பதை மாமா பிள்ளையிடம் மறைக்கவில்லை, தெரிந்தவரிடம் அனுப்பினார். மில்லர்டு அந்தப் பையனிடம் "என்ன மார்க் வாங்குகிறாய்?" என்று கேட்டிருந்தால் அலமாரிகள் திறந்திருக்காது. பிள்ளை கேட்டது ஒரு கேள்வி. அவர் ஓர் உலகத்தையே காட்டினார். இதற்குப் பெரிய செலவும் இல்லை. பெரியவர் ஒருவரின் ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்று துப்பாக்கி தேவையில்லை. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு மொட்டை மாடியிலோ வயல் வரப்பிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படும் பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். கரும்பு கடித்துக்கொண்டே ஏழு வயதுப் பிள்ளை எண்ணலாம். பதிவேற்றும் வேலை மட்டும் நமக்கு. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசும் நாளில், அந்த மாட்டின் முதுகில் வந்து உட்காரும் உண்ணிக்கொக்குக்கும் ஒரு பெயர் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

தங்க முத்திரை செய்த வேலை

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் தாங்கள் நடத்திய ஓர் ஆய்வை உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள்; எல்லாருமே ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள். ஒரு குழுவிடம், "படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முன்னால் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, எந்தப் பரிசுப் பேச்சும் இல்லாமல் வகுப்பறையில் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துவிட்டு மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினர் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு அவர்களுக்கு வேலையாகிவிட்டது. வேலைக்குக் கூலி இல்லையென்றால் அதை ஏன் செய்ய வேண்டும்?

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுக் கூடங்களில் வரிசையாக நிற்கும் கோப்பைகள் நினைவுக்கு வருகின்றன. உறவினர் வந்தால், "பாடிக் காட்டு, ஆடிக் காட்டு" என்று பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்துகிறோம். "எங்க பொண்ணு கிரேடு த்ரீ முடிச்சிட்டா" என்கிறோம். அந்தப் பெண்ணுக்குப் பாட்டு பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்குள் அடுத்த கிரேடுக்குப் பணம் கட்டியாகிவிடுகிறது. பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "சூப்பர்!" என்று சொல்லிவிட்டு போனுக்குத் திரும்புவதைவிட, "இந்த யானைக்கு ஏன் பச்சைக் கலர் கொடுத்திருக்கே?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது பிள்ளைக்கு நூறு மடங்கு பெரிது. அந்தப் பச்சை யானைக்குப் பின்னால் ஒரு முழுக் கதை இருக்கும், கேட்டால் வரும்.

ஒன்றைத் தொடங்கி இரண்டு மாதத்தில் விட்டுவிடும் பிள்ளையைப் பற்றியும் கவலைப்படுகிறோம். தபால்தலை சேர்த்தான், விட்டுவிட்டான். செடி வளர்த்தாள், அதையும் விட்டுவிட்டாள். "எதிலும் நிலைச்சு நிக்க மாட்டேங்குது" என்று குறைப்படுகிறோம். ஏழு வயதில் நிலைத்து நிற்க வேண்டிய கட்டாயம் என்ன? தொட்டுப் பார்த்து விட்டுவிடுவதும் தன்னை அறிந்துகொள்ளும் வழிதான். ஐ.நா. 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலைகளில் பங்குபெறுவதையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. சும்மா இருக்கும் நேரமும் அந்த உரிமைக்குள் அடங்கும். பள்ளி விட்டு வந்ததும் டியூஷன், டியூஷன் முடிந்ததும் இந்தி, சனிக்கிழமை கீபோர்டு என்று நேரத்தை முழுக்க அடைத்துவிட்டால் பிள்ளை எப்போதுதான் எறும்பைப் பார்க்கும்?

மையிட்ட மீசைக்கு அப்பால்

பண்பாட்டைச் சொல்லித் தருகிறோம் என்ற பெயரில் பள்ளிகளில் அதிகம் நடப்பது மாறுவேடப் போட்டி. நான்கு வயதுப் பையனுக்குக் கோட்டு மாட்டி, முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து பாரதியார் ஆக்குகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் மீசை அழிந்துவிடுகிறது. பாரதியார் யார் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது. உடையாக மட்டும் வரும் பண்பாடு பிள்ளையிடம் தங்குவதில்லை. கையில் புழங்கினால் தங்கும்.

பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பதினான்கு குழி, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும், வெறுங்குழிக்கு அடுத்த குழியில் எத்தனை கிடைக்கும், நாலு சேர்ந்து "பசு" ஆனதும் அதை யார் எடுப்பது என்று பிள்ளை மனத்துக்குள்ளேயே கணக்குப் போடத் தொடங்கிவிடும். அப்பத்தா விட்டுக்கொடுக்காமல் ஆட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். விட்டுக்கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

கோலமும் அப்படித்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணியும் உடனிருந்த கணித அறிஞர்களும் 1970களில் புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலின் கண்ணால் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். விடியற்காலையில் நம் பெண்கள் வாசலில் போட்டுக்கொண்டிருந்த சிக்குக் கோலத்துக்குள் ஒழுங்கான விதிகள் இருப்பதை உலக ஆய்வாளர்கள் அவர்கள் மூலம் அறிந்தார்கள். இதைப் பெண் பிள்ளைக்கு மட்டும் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம்? புள்ளி வைத்துச் சுழித்து, தொடங்கிய இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து முடிப்பதில் எட்டு வயதுப் பையனுக்கும் அதே கிளர்ச்சி கிடைக்கும். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கோலம்?" என்று கேட்கும் பெரியவரின் கையிலும் ஒரு பிடி மாவைக் கொடுத்து உட்கார வைக்கலாம்.

சில வீடுகளின் அறிவுச் செல்வம் வகுப்பறைக்குள் வரவே வராது. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இருளர் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் பாம்புக்கடி மருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துத் தருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்பு நிலக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை, இரண்டு வாரங்களுக்குள் பத்துக்கும் மேல் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை; மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லும் அறிவு தாய் தந்தையோடு காட்டில் நடந்து வந்தது.

அதே சமூகத்துப் பிள்ளை முதல் வகுப்பில் வந்து உட்காரும்போது, அதற்குத் தெரிந்த எதையும் பாடப்புத்தகம் கேட்பதில்லை. தெரியாததை மட்டுமே கேட்கிறது. "உங்க தாத்தாவுக்கு எத்தனை மூலிகை தெரியும்? நாளைக்கு ஒண்ணு கொண்டு வர்றியா?" என்று ஒரு டீச்சர் கேட்டால் போதும், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு ஓடி வரும். வீட்டில் சௌராஷ்டிரமோ உருதுவோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் எப்போதும் இருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகள் இப்போது தமிழ் எழுத்துக் கூட்டுகிறார்கள். அவரவர் அம்மா பாடும் தாலாட்டு வகுப்பில் ஒருநாள் ஒலித்தால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. தன் மொழிக்கு மரியாதை கிடைத்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் நம் மொழியை இன்னும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள்.

"நீ எந்தத் தெரு?"

நம் ஊரில் அடையாளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. "நீ எந்தத் தெரு? உங்க அப்பா யாரு? நீங்க என்ன ஆளுங்க?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கேள்வி புரியாது. ஆனால் சொன்ன பதிலுக்கு ஏற்பக் கேட்டவரின் முகம் மாறுவது புரியும்.

தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு ஏறி வெகுகாலம் ஆகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களோடு மாணவர்கள் பள்ளிக்கு வருவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

தடை அவசியம், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பதினைந்து வயதில் ஒரு பையன் அந்தக் கயிற்றை ஆசையாகக் கட்டிக்கொள்கிறான் என்றால், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவனுக்கு வேறு என்ன கொடுத்திருந்தோம்? "நான் சிலம்பம் சுத்துவேன்", "நான் புறா வளர்க்கிறேன்", "எனக்கு நூறு பூச்சி பேரு தெரியும்", "நான் கவிதை எழுதுவேன்" என்று நாலு விதமாகத் தன்னைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கயிறு ஒன்றே கதியாக இருக்காது. பொழுதுபோக்கு எல்லாச் சாதி வெறியையும் போக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. சாதியை வீட்டுக்குள் பேசுவதைப் பெரியவர்கள் நிறுத்தாமல் எதுவும் மாறாது. ஆனாலும் வேறு தெருப் பிள்ளையோடு சேர்ந்து புறா பறக்கவிட்டவனுக்கு அந்தத் தெருவில் ஒரு சிநேகிதன் இருக்கிறான். அதைச் சிறிய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஒரு கலை சாதிக் கோட்டைத் தாண்ட முடியும் என்பதற்குப் பறை நல்ல சாட்சி. ஒரு சமூகத்தின் தலையில் சுமத்தி, சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, வாசித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி இழிவு செய்த கருவி அது. இன்று அதைப் பல ஊர்களில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பயில்கிறார்கள். பெண் பிள்ளைகள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடவு போடுகிறார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தோலை நெருப்பில் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சியும் மறுகையில் தடித்த குட்டைக் குச்சியுமாக முதல் அடியை அடிக்கும் பிள்ளைக்கு, இந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கும் அவமானத்தின் வரலாற்றையும் வயதுக்கேற்றபடி சொல்லித்தான் ஆக வேண்டும். தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மனிதர்களை மறந்துவிடக் கூடாது.

அடையாளம் சாதியோடு முடிவதில்லை. நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜையும் இங்கே சொல்ல வேண்டும். மதுரையில் ஆண் பிள்ளையாகப் பிறந்தவர். தன்னைப் பெண்ணாக உணர்ந்தவர். சின்ன வயதிலேயே நடனத்தில் மனம் போனது. அந்தக் காலத்தில் வீடும் ஊரும் இதை எப்படி எதிர்கொண்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்று வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். 2019இல் நர்த்தகி பத்மஸ்ரீ பெற்றார். இந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். உங்கள் பையன் அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிக்கொண்டு ஆடினால், அது வெறும் விளையாட்டாக இருக்கலாம். அதற்கும் மேலாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டில் விழும் அடியையும் கேலியையும் அவன் சாகும்வரை மறக்க மாட்டான்.

காசில்லாமல் கிடைப்பவை

இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொன்ன பறவைக்கும் புளியங்கொட்டைக்கும் கோலமாவுக்கும் எவ்வளவு செலவாகும்? தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே ஒரு பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கூத்து, பறை, ஓவியம், கதை சொல்லுதல் என்று கிராமத்துப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். சிறுவர் இதழ்களில், 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் 1972இல் தொடங்கிய கோகுலமும் இன்று அச்சில் இல்லை என்பது பெரிய இழப்புதான். ஆனால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இருக்கிறது. நாளிதழ்களின் சிறுவர் பக்கங்கள் இருக்கின்றன.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்குவதற்கு முன் நம் கையிலிருந்து கீழே வைக்க வேண்டும். வாங்கிவைத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றும் கொடுக்காவிட்டால் பிள்ளை அழத்தான் செய்யும்.

இந்தக் கோடையில் எந்த வகுப்புக்கும் பணம் கட்டும் முன், ஒரு வாரம் பிள்ளையைச் சும்மா விட்டுக் கவனியுங்கள். எதைத் தேடிப் போகிறது, எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதில் ஒன்றும் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். பானை செய்கிறவர், தேன் எடுக்கிறவர், நாதஸ்வரம் வாசிக்கிறவர், ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர் என்று உங்கள் ஊரில் கட்டாயம் ஒருவர் இருப்பார். சொல்லித் தரச் சொல்லி யாராவது கேட்கமாட்டார்களா என்று அவரும் காத்திருப்பார். அவர் எந்தத் தெரு என்று மட்டும் பார்க்காதீர்கள். அப்படியே போகிற வழியில் ஊர் நூலகத்துக்குள் நுழைந்து, உங்கள் பெயரில் வேண்டாம், பிள்ளையின் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள்.